ஜன்னல் பக்கத்துக் கன்னம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஓர் உடல்நலப் பத்திரிகையின் ஆசிரியர் கட்டுரைதான் கேட்டார். வயதானால் தோலில் வருகிற பழுப்புப் புள்ளிகள், அவற்றுக்கான சிகிச்சை, வராமல் தடுக்கும் வழி, எல்லாம் அறுநூறு சொல்லுக்குள். "வழக்கம்போல வழி மாறிப் போயிடாதீங்க" என்றும் சொன்னார். தட்டச்சு செய்கிற என் கையிலேயே மூன்று புள்ளிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கட்டுரை நழுவிப்போய், ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2.

முதல் தொடக்கம்: "வெயில் அவர் கன்னத்தில் எழுதிய கடிதங்களை அவள் ஒவ்வொன்றாக..."

வேண்டாம். வெயில் கடிதமெல்லாம் எழுதாது.

இரண்டாவது: அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் செய்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் முகத்திலிருக்கும் பருவையும் சுருக்கத்தையும் புள்ளியையும் கணினியில் துடைத்து அனுப்புகிறாள். புருஷன் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஒரே பக்கத்து ஜன்னல். அந்தப் பக்கக் கன்னத்திலும் கையிலும் புள்ளிகள் அப்பிக்கிடக்கும். மறுபக்கம் பளிச்சென்று இருக்கும். "இந்தப் பக்கம் எனக்கு அண்ணன்" என்று அவரே கன்னத்தைத் தட்டிச் சொல்வார்.

(பத்திரிகை ஆசிரியருக்காக: ஜன்னல் கண்ணாடி வெயிலை முழுக்கத் தடுத்துவிடாது. வெயிலில் வேலை என்றால் சன்ஸ்கிரீன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். முழுக்கைச் சட்டை, தொப்பி நல்லது. எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதீர்கள், எரிச்சல்தான் மிச்சம்.)

3.

டிரைவர் ஓய்வுபெறப் போகிறார். டிப்போ சுவரில் அவர் படத்தை மாட்டுவார்கள். அதற்குள் லேசர் வைத்துப் புள்ளிகளை எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை என எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியை மட்டுமே பார்த்த மனுஷன் அவர். ஆசை அவளுடையதாக இருக்கட்டும்.

"நீதான் கம்ப்யூட்டர்லயே எடுத்துடுவியே, லேசர் எதுக்கு?"

"நேர்ல பாக்கறவங்க முன்னாடியெல்லாம் நான் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வர முடியுமா? கிளம்புங்க."

தோல் டாக்டரம்மா ஒரு லென்ஸை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். வயதுப் புள்ளிகள்தான், கெடுதல் இல்லை, க்ரீமிலோ லேசரிலோ மங்கவைக்கலாம் என்றார். கன்னத்து எலும்புக்குக் கீழே வந்ததும் கை நின்றது. அது ஒன்று மட்டும் ஓரம் கோணலாக, இரண்டு நிறமாக இருந்தது.

"இதுல லேசர் வைக்க மாட்டேன். என்னன்னு தெரியாம அழிக்கக் கூடாது. எப்பலேர்ந்து இருக்கு? பெரிசாகிட்டு வருதா? பழைய போட்டோ இருந்தா கொண்டுவாங்க."

டிரைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "போட்டோவா? என் வீட்டுக்காரியே போட்டோ ஆளு டாக்டர். அலமாரி நிறைய இருக்கு."

அவள் அவசரமாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

4.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. திருத்திய படத்தைச் சேமித்ததும் திருத்தாததை அழித்துவிட வேண்டும், தப்பித் தவறி அது வாடிக்கையாளர் கைக்குப் போய்விடக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எல்லார் முகத்தையும் முடித்த பிறகு, ஆசையாக அவர் படத்தைத் திறப்பாள். முந்தானையால் கன்னத்தைத் துடைத்துவிடுவதைப் போலத் துடைப்பாள். பழையதை அழிப்பாள்.

"புள்ளி தெரியற படம் எல்லாத்தையும் நானே அழிச்சுட்டேங்க."

"லைசன்ஸ் போட்டோ?"

"அதுவும் நான் துடைச்சுக் குடுத்ததுதான்."

அவர் ஆல்பத்தைப் புரட்டினார். "இவ்வளவு அழகா இருந்திருக்கேன், ஒரு கண்டக்டர்கூட சொல்லலியே!"

அவள் சிரிக்கவில்லை, அழுதாள். தன் கையாலேயே அவரைத் தொலைத்துவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு.

(இங்கே ஒரு சித்தி செல்போனில் எடுத்த படத்தோடு வந்து சேர்ந்தாள். வந்த வழியே அனுப்பிவிட்டேன். மாட்டிக்கொண்டவளைக் காப்பாற்றச் சித்தியை வரவழைப்பது எனக்கே கூச்சமாக இருந்தது.)

வழி தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்:

"போட்டோ இல்லம்மா. ஆனா எனக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் துடைச்சவ நான்தானே. மூணு வருஷம் முன்னாடி அந்த இடத்துல ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் மிளகு அளவு, ஒரே தட்டுல போயிடுச்சு. போன வருஷம் பிரஷ்ஷைப் பெரிசாக்கினேன். ரெண்டு நிறமா இருந்ததால ரெண்டு தடவை துடைச்சேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது போதும்மா. இன்னிக்கே கொஞ்சம் தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிடலாம்."

5.

முடிவு ஒன்று: ஒன்றுமில்லை என்று வருகிறது, இருவரும்...

முடிவு இரண்டு: ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் வெட்டி எடுத்து...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதினால் நீங்களும் அசட்டையாக இருந்துவிடுவீர்கள். இரண்டாவதுக்கு மனசு வரவில்லை, இவர்கள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. சோதனை முடிவு வந்த உறை டாக்டரம்மாவின் மேஜைமேல் பிரிக்காமல் இருக்கிறது. நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் டிப்போவில் படம் மாட்டியாகிவிட்டது. அவளே எடுத்த படம். திரையில் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள், ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அவளைப் பார்த்துத்தான் நானும் அரைகுறை வாக்கியங்களையும் சித்தியையும் இங்கே அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இப்போது இருவரும் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்கள். டிரைவர் பழக்கதோஷத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்.

"எழுந்திருங்க. அங்க வெயில் வருது, நான் உக்காந்துக்கறேன்."

"முப்பது வருஷம் காஞ்சாச்சு. இனிமே என்ன?"

"இனிமேதான்" என்று சொல்லி, அவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.