சேலைப் பாதை

கம்பனி பஸ் வராது என்று துஷ்யந்தி தன் அத்தையிடம் சொன்னபோது நன்றாக விடிந்திருக்கவில்லை. கேகாலை டவுனில் அவள் வாடகைக்கு இருந்த அறையின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லருகே நின்று போனில் மெதுவாகப் பேசினாள்.

"பஸ் பழுதாயிருச்சாம் அத்தை. விழாவும் சும்மா சின்னதாத்தான் நடக்குமாம். நீங்க யாரும் மெனக்கெட வேணாம். இன்னொரு நாளைக்கு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

மறுமுனையில் இருந்தது அத்தை மருதாயி. அவளுக்குப் பின்னால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. யாரோ பூ வைத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா. நீ சாப்பிட்டியா?" என்றாள் மருதாயி.

சாப்பிட்டதாக அதற்கும் ஒரு பொய் சொன்னாள் துஷ்யந்தி. பிறகு பஸ் டிரைவரை அழைத்து, தோட்டத்து ஆட்களுக்கு இன்றைக்கு வேலையாம், போக வேண்டாம் என்றாள். இரண்டு அழைப்புகளும் முடிந்தபின் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு வழி இருந்திருக்கும். அதைத் தேடும் தைரியம் தன்னிடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இன்சூரன்ஸ் கம்பனியின் கேகாலைக் கிளையில் வேலைக்கு வந்தவள் அவள். கம்பனியின் ஆண்டு நிறைவுக்காக, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கோர்ட்டுக் கட்டிடத்தில் ஒரு கலைக் கண்காட்சி வைப்பதென்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. கோர்ட்டு இடம் மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நகரசபை அதைப் பூட்டியே வைத்திருந்தது. கம்பனி செலவில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், உடைந்த ஓடுகளை மாற்றினார்கள், வாசலில் கம்பனியின் பெயர் போட்ட பெரிய பலகையை நட்டார்கள். கொழும்பிலிருந்து இரேஷா என்ற பெண் கலைஞர் வந்தார். மெலிந்த உருவம், நரைக்கத் தொடங்கிய தலைமுடி, எதையும் கூர்ந்து கேட்கிற முகம். தோட்டத்துப் பெண்களின் சேலைகள் வேண்டும் என்றார். மேனேஜர் ஹில்மி, துஷ்யந்தியைக் கைகாட்டினார். அன்றைக்கு அலுவலகம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். சேலைகளை என்ன செய்யப்போகிறார்கள் என்று இரேஷா சொல்லவில்லை, அவளும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் லயத்து வாசலில் கூடிய பெண்களிடம், "பழைய கோர்ட்டுல வரிசையாத் தொங்க விடுவாங்க. பெரிய பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவாங்க" என்றாள். சொல்லும்போது உயரமான ஜன்னல்களுக்கு நடுவே சேலைகள் காற்றில் ஆடுவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். ரப்பர் பால் கறை பிடித்த வேலைச் சீலைகளை யாரும் கொண்டு வரவில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற, பூச்சி உருண்டை வாசம் மாறாத சேலைகளோடு திரும்பி வந்தார்கள். மருதாயி கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றைக் கொடுத்தாள். கட்டுநாயக்கவில் கார்மெண்ட் வேலைக்குப் போன மகள் சசி வாங்கிக் கொடுத்தது. தேர்த் திருவிழாவுக்கு மட்டும் மருதாயி அதைக் கட்டுவாள்.

"ஒசரமா மாட்டச் சொல்லு. கரை நல்லாத் தெரியும்," என்றாள்.

இரேஷா மூட்டைகளைப் பிரித்தபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "எல்லாம் புதுசு மாதிரி இருக்கே," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பரவாயில்லை என்று தலையசைத்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் துஷ்யந்தி அதைப் பார்த்தாள். கேட்டிலிருந்து வராந்தாப் படிவரை, நடந்துபோகிற வழி முழுவதும், சேலைகள் தரையில் விரித்துக் கிடந்தன.

"இந்தப் பெண்களின் உழைப்பின் மேலேதான் நாம் இத்தனை காலமும் நடந்து வந்திருக்கிறோம். இதில் கால் வைக்கிறவர்களுக்கு அது உறுத்த வேண்டும்," என்று இரேஷா விளக்கினார். அதில் பொய் எதுவும் இருப்பதாகத் துஷ்யந்திக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நிற வரிசை குலைந்துவிடும் என்றார் இரேஷா, கனிவாகத்தான். ஹில்மியிடம் போனாள். "கொழும்புல பாஸ் பண்ணின டிசைன் துஷ்யந்தி. நான் என்ன செய்றது? முடிஞ்சதும் கழுவிக் குடுத்திருவம்," என்றார் அவர். அவளுடைய வேலை நிரந்தரமாகும் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. சரி, சேர் என்று சொல்லிவிட்டு வந்து தன் மேசையில் உட்கார்ந்துகொண்டாள்.

விழா அன்று வெற்றிலைத் தட்டுடன் விருந்தினரை வரவேற்பது அவள் பொறுப்பு. முதலில் வந்தவர்களைப் பாதையின் ஓரமாக நடந்து அழைத்துப் போனாள். பிறகு கூட்டம் சேர்ந்தது. கம்பனித் தலைவர் வந்து இறங்கியபோது, அவருக்கு முன்னால் சேலைகளின் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தாள். எப்போது அப்படி நடக்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. யாருக்கும் எதுவும் உறுத்தியதாகத் தெரியவில்லை. விரிப்பு அழகாக இருக்கிறது என்றார்கள். நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

குத்துவிளக்கு ஏற்றி முடிந்த நேரம், கேட்டில் மருதாயி நின்றாள். அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள், தலையில் பூவோடு, இருப்பதில் நல்ல சேலைகளைக் கட்டிக்கொண்டு. துஷ்யந்தி தட்டோடு அப்படியே நின்றாள்.

"ரோட்டு வரைக்கும் நடந்து வந்து அரசாங்க சிடிபி பஸ்ஸைப் புடிச்சோம்," என்றாள் மருதாயி. "சின்னதா நடக்குதுன்னு சொன்னியா, நம்ம ஆளுங்க யாரும் இல்லாம நீ தனியா நிப்பியேன்னு."

சொல்லிக்கொண்டே, வெளியே நிறுத்தியிருந்த கம்பனி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கம்பனியின் பெயர் எழுதிய பஸ். "பஸ்ஸைச் சரி செஞ்சிட்டாங்க போலருக்கு," என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மற்றப் பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையை, ஜன்னல்களை, தூண்களின் உச்சியை. "எங்கடி தொங்குது?" என்று ஒருத்தி கேட்டாள். கலைச்செல்வி என்ற இளம்பெண்தான் முதலில் குனிந்து தரையைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்புறமும் பாதையில் கால் வைக்க அவர்களால் முடியவில்லை. மதிலோரம் தண்ணீர் வடிந்தோடும் கானின் விளிம்பில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வராந்தாவை நோக்கி நடந்தார்கள்.

மருதாயி மட்டும் நின்று துஷ்யந்தியின் கால்களைப் பார்த்தாள். துஷ்யந்தியும் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம். மஞ்சள் கரையில் ஒரு குதிகால் தடம். அது யாருடையது என்று பார்க்க அவள் காலைத் தூக்கவில்லை.

அதற்குள் இரேஷா முகம் மலர ஓடி வந்தார், கூடவே கெமராக்காரரும். தலைவரின் பக்கத்தில் நின்ற ஹில்மியும் இந்தப் பக்கம் திரும்பினார்.

"இதைப் பார்க்க உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று இரேஷா சிங்களத்தில் கேட்டார். "இப்படி வைக்கப்போகிறோம் என்று உங்களிடம் சொன்னார்களா?"

துஷ்யந்தி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அத்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பால் வெட்டுகிற மலையிலும் சந்தையிலும் பேசிப் பழகிய சிங்களத்தில், நிதானமாக, அவளே பதில் சொன்னாள்.

"தெரியும் நோனா. இந்தப் புள்ள வந்து எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்லித்தான் வாங்கிட்டுப் போச்சு. நாங்க சந்தோசமாத்தான் குடுத்தோம்."

இரேஷாவுக்குக் கண் கலங்கியது. மருதாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையில் செருப்பு இருந்ததால் மருதாயியால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஹில்மி துஷ்யந்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இரேஷாவும் கெமராக்காரரும் போனபிறகு துஷ்யந்தி, "அத்தை," என்றாள்.

"கலைச்செல்விக்குத் தாகமா இருக்காம். குடிக்கத் தண்ணி எங்கம்மா இருக்கு?"

"அத்தை, நான் முந்தியே சொல்லியிருக்கணும்."

"வேலையைப் பாரு. ஆளுங்க பாக்குறாங்க."

தண்ணீர் கொண்டு வந்தாள். கேக்கும் தேத்தண்ணியும் கொண்டு வந்தாள். பெண்கள் நின்றபடியே தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார்கள். தங்கள் சேலைகள் எப்போது திரும்பி வரும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். மருதாயி புறப்படும்போது துஷ்யந்தியின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் மழை வந்தது. விருந்தினர்கள் குடை விரித்துக்கொண்டு வாகனங்களுக்கு ஓடினார்கள். இரண்டு பையன்கள் பெரிய பொலித்தீன் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பனியின் பெயர்ப்பலகையை மூடிக் கயிற்றால் கட்டினார்கள். சேலைகளின் பக்கம் யாரும் வரவில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றில் ஒன்று இறங்கிக் கானுக்கு ஓடின.

துஷ்யந்தி காலணியைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள். கானின் விளிம்போடு போய், மண்டியிட்டு, கத்தரிப்பூச் சேலையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது தனியாக வரவில்லை. ஒன்றோடொன்று தைத்திருந்தார்கள். மீண்டும் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கேட்டிலிருந்து படிவரை மொத்தப் பாதையும், நனைந்து கனத்து, அவளை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.