துண்டுக்கடியில் ஒரு கண்வலி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மருந்துக்கடை வரிசையில் ஒட்டிக்கொண்டது. கண்வலிச் சொட்டு மருந்துக்கு நின்றபோது முன்னால் நின்றவர் சொன்னார். இப்போது ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். விட்டுப்போனதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம்: "கிருமியாகிய நான், வியாழக்கிழமை காலை..."

(வேண்டாம். பேசவிட்டால் அது தன் பக்க நியாயத்தை ஆரம்பித்துவிடும்.)

மறுபடியும்: திண்டுக்கல் பக்கத்து ஆட்டுச்சந்தையில் சுருளிவேல் பேர்போன தரகர். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குக்கூடத் தன் விலை தெரியாது.

2

அந்த வியாழக்கிழமை சந்தைக்குக் கிளம்பிய சுருளிவேலை மனைவி மூக்காயி மறித்தாள்.

"கண்ணு மொளகாப்பழமாட்டம் செவந்து கெடக்கு. சந்தைக்குப் போயே ஆகணுமாக்கும்?"

"எவன் மூஞ்சியையும் பாக்க மாட்டேன்டி. பாத்தாத்தான ஒட்டும்?"

தப்பு இங்கேதான்.*

நாள் முழுக்கத் தரையைப் பார்த்தபடியே நின்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். அதே துண்டைப் போட்டுக் கை கொடுத்தார்.

* பார்வையில் ஒட்டாது. பீளை பட்ட விரல் இன்னொரு விரலைத் தொடும். அந்த விரல் தன் கண்ணைத் தேய்க்கும். இமைக்குள்ளே மெல்லிய சவ்வில் கிருமி வாடகை பேசாமல் குடியேறிப் பெருகும். சில நாள் சத்தமே இருக்காது. பிறகு கண் சிவக்கும்.

3

மகள் ஜீவிதாவுக்கு மாமனாராகப் போகிறவர் அழகர். கண்டிப்பானவர், ஆனால் உள்ளுக்குள் ஈரமான

(இல்லை, கண்டிப்பு மட்டும்தான்.)

நேர்த்திக்கடனுக்குக் கறுப்புக் கிடாய் கேட்டிருந்தார்.

"இன்னிக்கு வேற யாவாரமே கெடையாது சம்பந்தி. இந்தக் கிடாய ஒங்க கையில குடுக்கத்தான் வந்தேன். வேற ஒரு பய கையத் தொடல, தொடவும் மாட்டேன். எம் பொண்ணு மேல சத்தியம்!"

குனிந்த தலையை அழகர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அவர் வருமுன்பே அதே கிடாய்க்கு மூன்று வியாபாரிகளிடம் துண்டு போட்டுப் பார்த்தாயிற்று என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

(சுருளிவேலை நல்லவராக்கி ஒரு பத்தி எழுதினேன். அவரே நம்பமாட்டார் என்று அடித்துவிட்டேன்.)

4

அடுத்த புதன் நிச்சயதார்த்தம். அழகர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அழைப்புக்கு மரியாதை கொடுத்து அந்த மூன்று வியாபாரிகளும் வந்தார்கள். மூன்று கறுப்புக் கண்ணாடிகள்.

சுருளிவேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணுவலி. சந்தையில நான் கை குடுத்தது ஒங்க ஒருத்தருக்குத்தான்," என்றார் அழகர். "இவுகளுக்கு என்னவாம்?"

"வெயிலுண்ணே," என்றார் ஒருவர்.

"மண்டபத்துக்குள்ளயா? ஏலே, செத்த கழட்டுங்கப்பா."

தாம்பாளம் பாதியில் நின்றது. ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, பழக்கதோஷத்தில், தரையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் வரிசையில் முன்னால் நின்றவருக்கு மருந்து கிடைத்தது. போய்விட்டார்.

5

என்னிடம் இரண்டு முடிவு இருக்கிறது. ஒன்றில் கண்ணாடிகள் கழல்கின்றன, தாம்பாளம் திரும்பிப் போகிறது. இன்னொன்றில் மின்சாரம் போகிறது, இருட்டில் தாம்பாளம் கைமாறிவிடுகிறது.

எது வேண்டும்? வாயால் சொல்லக் கூடாது. இதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டைப் போட்டுவிட்டேன். முதல் முடிவுக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு இரண்டு விரல். கொடுங்கள்.

அட, ஏன் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள்?