கேஜில் மாட்டிக்கொண்ட நானூறு பேர்

1

"கைய எடு வினோ! அந்தப் பட்டனத் தொடாத!"

மேக்ஸ்வெல் பாய்ந்து வந்து லேப்டாப்பைப் பிடித்தான். வினோலியா விடவில்லை. இருவரும் இழுத்ததில் டீ டம்ளர் உருண்டது. பத்து மணிக்குள் கடைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'சரி' அல்லது 'வேண்டாம்'. அவள் விரல் 'வேண்டாம்' பக்கம் நகர்ந்து—

கொஞ்சம் இருங்கள். பாய்ந்து வந்தான் என்று எழுதிவிட்டேன். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டில் பாய இடமேது? எழுந்தாலே எதிர்ச் சுவர் மூக்கில் இடிக்கும். வாரப் பத்திரிகைப் பழக்கம். என் கதைகளில் யாரும் நடந்து வந்ததே கிடையாது.

[இன்னொரு தொடக்கம்: 'தங்க வயலில் சூரியன் தங்கமாக' — வேண்டாம். கேஜிஎஃப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே தங்கத்தைத் தோண்டிவிடுகிறார்கள்.]

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன மாதம் போனில் ஒரு துப்பறியும் கேம் வாங்கினேன். காலமெல்லாம் கொலைகாரர்களை ஒளித்து வைத்துப் பிழைத்தவன் ஆயிற்றே, ஆசையாக உட்கார்ந்தேன். கதவு மேல் மஞ்சள் அம்பு. கத்தி மேல் மஞ்சள் அம்பு. கடைசியில் கொலைகாரன் தலை மேலேயே மஞ்சள் அம்பு! நடுவில் நான் செத்துப்போனால் பத்து ரூபாய் கட்டி எழுந்துகொள்ளலாமாம்.

(திட்ட உட்கார்ந்ததும் ஒன்று உறுத்தியது. கதாநாயகி கழுத்தில் கத்தியை வைத்து நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் காசு கொடுத்துப் படிக்கச் சொன்னவன் யார்? உறுத்தல் நிற்கும் வரை காத்திருந்து திட்டத் தொடங்கினேன்.)

அந்த அம்புகளே இல்லாத ஒரு கேமை யாராவது செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வினோலியா வந்தாள், கூடவே புருஷன் மேக்ஸ்வெலும். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு சுரங்க கேம் செய்தவள். பழைய கம்பெனி இன்றைக்கு வரைக்கும் அவளுக்காக நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறது. கேம் படுத்தால் அவள் மறுபடி மாரிகுப்பத்தில் விடியற்கால ரயில் ஏற வேண்டும்.

கேமில் ஒரே விதி: செத்தவன் செத்தவன்தான். பாறை வெடித்து ஆள் போனால், அடுத்த ஷிஃப்டுக்கு வேறு பெயரோடு வேறு ஆள் இறங்குவான்.

3

என்ன தப்பு நடந்தது என்றால், ஆரம்பத்தில் நீங்கள் கேஜுக்குள், அதாவது சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டுக்குள், நிற்பீர்கள். பக்கத்தில் மணிக்கயிறு. மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு, பிறகு இரண்டு அடித்தால் இறக்கு. அதை வினோலியா எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அவள் தெருவில் தட்டில் கரண்டியால் மூன்றும் இரண்டும் அடித்துத்தான் பிள்ளைகள் கேஜ் விளையாட்டு விளையாடின. வெளியிடும் முன்பு தெருவுக்கே கொடுத்துப் பார்த்தாள். எல்லோரும் ஒரு நொடியில் கீழே போனார்கள்.

உலகம் போகவில்லை. வாங்கிய நானூறு பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் கேஜுக்குள்ளேயே நின்றார்கள். கயிற்றை ஒரு தடவை இழுத்தார்கள், பத்துத் தடவை இழுத்தார்கள், கடைசியில் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

உடனே கேம் விற்கும் ஆன்லைன் கடையிலிருந்து ஓலை. அம்புக்குறி போடு, பத்து ரூபாய் பட்டன் வை, நாங்களே முன்பக்கத்தில் தூக்கி நிறுத்துகிறோம். இல்லையென்றால் இன்று பத்து மணிக்குக் கடைசிப் பக்கம்.

இந்தக் கடைகள் விற்கிற ஒவ்வொன்றிலும் முப்பது சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. எழுபது எனக்கு என்று எந்தப் பத்திரிகை முதலாளியாவது சொல்லியிருந்தால் அவர் படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தியிருப்பேன். ஆனால் என் பத்திரிகையையாவது ஸ்டேஷன் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். இவர்கள் முப்பதையும் வாங்கிக்கொண்டு, தொங்கவிடத் தனியாகக் கேட்கிறார்கள்.

4

"ஒரு வரி எழுதி நானே போட்டுடறேன் மேக்ஸ். மணி எப்படி அடிக்கறதுன்னு."

"போடு. கடைக்காரன் அத பாத்து ஓகே பண்ண ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள உன் கேம் எங்க கீதுன்னு டார்ச் அடிச்சுத் தேடணும். சைன் பண்ணு."

"பத்து ரூபா பட்டனுக்கா?"

"எல்லாரும்தான வெக்கிறாங்க!"

மேக்ஸ்வெலின் அம்மா லூயிசா தரையில் டீயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னா பட்டன்டா அது?"

"செத்தவன எழுப்பறது அத்த."

"இந்த ஊர்ல காசு கட்டி எவன்டா எழுந்து வந்தான்? அப்டி ஒரு பட்டன் இருந்தா மைன்ஸ் கம்பெனிக்காரனே மொதல்ல வெச்சிருப்பானே, சம்பளத்துல புடிச்சுக்கறேன்னு."

"நீ சும்மா இரும்மா."

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? என் டீ கொட்டியிருக்குது."

வினோலியா திரையைத் திருப்பிக் காட்டினாள். "மேக்ஸ், இங்க பாரு. நானூறு பேர்ல ஒருத்தர் கேஜத் தாண்டிட்டார். பேர் தெரியல. தெருவுக்குக் குடுத்தது இந்தக் கணக்குல வராது, இது காசு குடுத்து வாங்கினவர். காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், தினமும் ஆடறார். எங்கயோ ஒருத்தர் அவராவே கண்டுபுடிச்சிருக்கார். ஒருத்தருக்குப் புரிஞ்சா போதும், மெதுவா மத்தவங்களுக்கும் புரியும்."

மேக்ஸ்வெல் தன் போனைக் கவிழ்த்து வைத்தான். "ஒருத்தர நம்பி சோத்துல கை வெக்காத வினோ. சைன் பண்ணு."

(இவனை எழுதும்போது எனக்கே சந்தேகம். பெண்டாட்டி மேல் உயிரை விடுகிறவன் இதில் மட்டும் ஏன் இவ்வளவு முரண்டு? காரணம் எனக்குத் தெரியும். இப்போது சொல்ல மாட்டேன். வயிற்றுப் பிழைப்பு.)

வினோலியா 'வேண்டாம்' அழுத்தினாள்.

5

இனி முடிவு. அந்த ஒருத்தர் ஊர் ஊராகச் சொல்லி கேம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று எழுதலாம். நான் அந்த அளவுக்குக் கேவலமானவன்தான், ஆனால் இன்று மனசு வரவில்லை. பத்து மணிக்குக் கேம் கடைசிப் பக்கம் போய், மறுநாள் அவள் ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறாள் என்றும் எழுதலாம். அதற்குக் கை வரவில்லை. இரண்டில் எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், நான் ஒளித்து வைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஒருத்தர் லூயிசா இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன்.

பெங்களூரு ஆபீஸுக்குப் போகும் ரயிலில் கதவோரம் நின்று, திரும்பும் ரயிலிலும் நின்று, பெண்டாட்டி செய்த கேமை முழு விலை கொடுத்து வாங்கி ஆடியவன் மேக்ஸ்வெல். முதல் நாள் ஒன்றுகூட விற்காமல் அவள் அழுதுவிடக் கூடாதே என்று வாங்கினான். புரிந்த அந்த ஒருத்தனும் ஊர்க்காரன்தான், வெளியாள் ஒருவருக்கும் புரியவில்லை என்பது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வீட்டுக் காசு வீட்டுக்கே வந்தது, முப்பது சதவீதம் கழிந்து.