நாலு அங்குலம் உயர்ந்த வண்டி

"இதுல ஏறி எங்கங்க போகப் போறோம்?"

"ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போகலாம்."

"நம்ம ரெண்டு பேர் ஆபீஸுக்கும் ரோடு இருக்கே."

வண்டி விற்கும் கடையின் கண்ணாடிக் கூடத்தில், பதினான்கு மாதங்களுக்கு முன்னால், அவனுக்கும் அவன் மனைவிக்கும் நடந்த பேச்சு இது. அவள் சொன்னதைக் கேட்டு அவன் சிரித்தான். விற்பனையாளரும் சிரித்தார். இருவரில் ஒருவருக்குச் சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், யாருமே படிக்காத காகிதம், அதில் பிழை பார்ப்பது அவன் உத்தியோகம். காலையிலிருந்து மாலைவரை பக்க விளைவுகளாகவே படிப்பான். தலைசுற்றல், நாக்கு வறட்சி, அரிதாகச் சிலருக்கு மனக்குழப்பம். காடு மலை ஏறுகிற வண்டியை வாங்கி வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓட்டினால் என்னென்ன வரும் என்று மட்டும் அவன் படிக்கவில்லை.

வாங்கியதோடு விட்டிருந்தாலாவது பிழைத்திருப்பான். விதி மெக்கானிக் உருவத்தில் வந்தது. ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருந்த அந்த மனிதர், வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்து, நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன சார், இப்படிக் குட்டையா நிக்குது? பாக்கவே பாவமா இருக்கு."

நாலு அங்குலம் உயர்த்தினார்கள். உயர்த்தியதும் டயர் சின்னதாகத் தெரிந்தது. சேற்றில் ஓடுவதற்கென்றே செய்த, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்களைப் போட்டார்கள். அப்புறம் கூரை மொட்டையாகத் தெரிந்தது; சாமான் கட்ட ஓர் இரும்புத் தட்டி வந்தது. ஆற்றுக்குள் இறங்கினாலும் என்ஜின் மூச்சு விட வேண்டுமே என்று முன்கண்ணாடியின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குழாய் மேலே ஏறியது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்களுக்கென்றே செய்த குழாய். ஆக, சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருந்தது.

"தும்பிக்கை வச்சாச்சு. தந்தம் எப்ப மாமா?" என்று கேட்டான் மைத்துனன்.

முன்பக்கம் வின்ச்சும் உண்டு. சேற்றில் புதைந்தால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் கருவி. அது இதுநாள்வரை இழுத்தது பக்கத்து வீட்டு வாசலில் பட்டுப்போயிருந்த ஒரு செடியை. கையால் இழுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவன் விஷயத்தில் டயரிலும் ஒட்டவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்று இருந்தது.

முன்பு ஒரு சின்னக் கார் வைத்திருந்தார்கள். அவள் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற கிளினிக்கில் வேலை பார்த்தாள். அது அவன் ஆபீஸுக்குப் போகிற வழியிலேயே இருந்தது. தினமும் காலையில் முப்பத்தைந்து நிமிடம், கூடவே இரண்டு பெரிய சிக்னல். காதில் ஒன்றும் விழாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பெரியவரைப் பற்றி அவள் சொல்வாள். 'உணவுக்குப் பின்' என்பது 'உணவுக்குப் பன்' என்று அச்சாகிவிட்ட கதையை இவன் சொல்வான். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் பேசியதில் முக்கால்வாசி அந்தக் காரில்தான் பேசினார்கள். வீட்டில் பேசியதெல்லாம் தண்ணி மோட்டார் போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்கிற வகை.

புது வண்டியை உயர்த்தியதும் அவள் பையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டியதாயிற்று. அவன் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்தான். அவள் அதில் கால் வைத்து ஏறிக்கொள்வாள்; முக்காலி தெருவிலேயே நிற்கும். இவன் இறங்கி, சுற்றி வந்து, அதை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு மறுபடி ஏற வேண்டும். அதற்குள் பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடுத்து அந்த டயர்கள். வேகம் நாற்பதைத் தாண்டினால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி ஓர் இரைச்சல். ஒருநாள் அவள் கைபேசியில் சத்தத்தை அளந்து பார்த்தாள்.

"எண்பத்தி ரெண்டு."

"என்னது?"

"எண்பத்தி ரெண்டு!"

"எண்பதா? நாப்பதுலதானே போறேன்!"

அவள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை, "பஸ்ஸு கிளினிக் வாசல்லயே நிக்குதுங்க. அதுல போயிக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பதினொரு மாதமாயிற்று. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது அவனுடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்து போகிறது. பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துகிறது என்று அதற்கு பெல்ட்டும் போட்டுவிடுகிறான்.

மறுபடியும் காலையில் சேர்ந்து போகலாம் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஆனால் கேட்டால் கண்ணாடிக் கூடத்தில் சிரித்த சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் வாயால் கேட்க வேண்டியதை அவன் ஸ்பானரால் கேட்டான். கதவுகளுக்குள் சத்தம் தடுக்கும் அட்டை ஒட்டினான். எண்பத்தி இரண்டு எண்பதாயிற்று. அவள் ஏறுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் படி வைக்கச் சொன்னான். மெக்கானிக் வைத்தது வண்டியின் உடம்போடு ஒட்டிய கனத்த இரும்புக் குழாய். அதில் கட்டைவிரல்கூட நிற்காது.

"இதுல எப்படிங்க கால் வைக்கிறது?"

"கால் வைக்கிறதுக்கு இல்ல சார். பாறை இடிச்சா வண்டிக்கு அடி படாது."

"எந்தப் பாறை?"

"வரும் சார்" என்றார் மெக்கானிக், ஜோசியர் மாதிரி.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவனுக்கு அடுத்த பலன் வீட்டிலேயே காத்திருந்தது. அவள் ஒன்று சொன்னால் "ஆ?" என்றான். டிவி சத்தம் ஒவ்வொரு புள்ளியாக ஏறியது.

"சனிக்கிழமை கிளினிக்குக்கு வாங்க. டெஸ்ட் பண்ணிடலாம்."

"எனக்கென்ன? நல்லாத்தானே கேக்குது."

"அங்க வர்ற எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க."

சனிக்கிழமை அவள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டாள். அவன் வண்டியில் போனான். கிளினிக்கின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்து வாசலில் உயரம் பார்க்க ஒரு மஞ்சள் கம்பி தொங்கியது. அது கூரைத் தட்டியில் இடித்து, கோயில் மணிபோல ஒலித்தது. வண்டியை ரிவர்ஸில் வெளியே எடுத்து, நாலு தெரு தள்ளி ஒரு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நடந்து வந்தான்.

வரவேற்பில் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏன் சார் இவ்வளவு லேட்டு? மேடம் மூணு தடவை கேட்டுட்டாங்க."

"வண்டி நிறுத்த முடியல."

"கீழ காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு. உயரம் இடிக்குது."

அவள் அவனை அடியிலிருந்து முடிவரை ஒருமுறை பார்த்தாள். "உங்களுக்கா சார்?"

சோதனை அறை ஒரு பெரிய பெட்டி மாதிரி இருந்தது. தடித்த கதவு, சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அவள், வெள்ளைக் கோட்டில். உள்ளே வந்து அவனுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்க."

கதவு மூடியதும் அவன் எச்சில் விழுங்குவது அவனுக்கே கேட்டது. எங்கோ தொலைவில் ஒரு கூவல். அழுத்தினான். இன்னொன்று. அழுத்தினான். ஒன்றும் கேட்காதபோதும் ஒருவேளை கேட்டிருக்குமோ என்று அழுத்தினான். காது பழுது என்றால் குற்றவாளி வெளியே மைதானத்தில் நிற்கிறது; எப்படியாவது அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

"கேக்காததுக்கெல்லாம் அழுத்தாதீங்க."

"கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நான் ஒண்ணுமே அனுப்பலங்க. இது என்ன பரீட்சையா, பாஸாகறதுக்கு?"

மாட்டிக்கொண்ட அவமானத்தில் பொத்தானை மடியில் வைத்தான். உதட்டைப் பார்த்து அவன் ஊகித்துவிடாதபடி அவள் ஒரு தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லுவேன். காதுல விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. பலகை."

"பலகை."

"குருவி."

"குருவி."

"நிழல்."

ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்க இறங்க, பக்கத்தில் வந்தது. நடுவில் டயர் இல்லை, ஹாரன் இல்லை, முக்காலி இல்லை. அந்தக் குரலில் லேசாக ஒரு கரகரப்பு இருப்பதை அவன் மறந்தே போயிருந்தான். "படகு" என்றாள். "படகு" என்றான். பதினொரு மாதமாக அவன் காதுக்குள் அவள் இத்தனை சொற்கள் சொன்னதில்லை என்று தோன்றியது. அதையும் ஒரு தாளைப் பார்த்துத்தான் அவள் படிக்க வேண்டியிருக்கிறது.

"சன்னல்."

அவன் பேசாமல் இருந்தான்.

தாள் கொஞ்சம் இறங்கியது. கண்கள் மட்டும் தெரிந்தன. "சன்னல்" என்றாள், சற்று உரக்க. அப்போதும் பதில் இல்லாமல் போகவே தாளை முழுதாக இறக்கிவிட்டாள். முகத்தில் கவலை. "கேக்கலையா?"

"கேக்குது. எல்லாமே கேட்டுச்சு."

"அப்பறம் ஏங்க திருப்பிச் சொல்லல?"

அவன் ஹெட்போனைக் கையால் பிடித்துக்கொண்டான், குரல் எங்கேயும் ஓடிவிடாதபடி. எதிரே இருந்த மைக்கை நோக்கிக் குனிந்தான்.

"திங்கக்கிழமைலேர்ந்து காலையில என்னையும் உன்கூடக் கூட்டிட்டுப் போறியா? பஸ்லயே வர்றேன். எனக்கு உன்கூடப் பேசிட்டே போகணும்."