அரண்மனை அச்சு

விளாங்குடியில் அரிசி மண்டி வைத்திருக்கும் அழகுபாண்டிக்குப் பழைய சாமான் என்றால் உயிர். அதாவது, போன வருஷத்திலிருந்து. அதற்கு முன்னால் அவர் வீட்டில் பழசானது எல்லாம் காயலான் கடைக்குத்தான் போனது. காரைக்குடிப் பக்கம் போனவர் ஒரு தேக்குமர அச்சோடு திரும்பினார். பலகையில் குழிவாகச் செதுக்கிய லில்லிப்பூ வளையம். நடுவில் சிறகு முளைத்த குழந்தை, கண்ணை மூடிக்கொண்டு. அரண்மனை விதானத்துக்குப் பூவேலை வார்த்த அச்சு என்றான் கடைக்காரன். எந்த அரண்மனை என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!

மகள் சுபலட்சுமிக்கு எழுமலையில் சம்பந்தம் கூடிவந்திருந்தது. பெண்ணும் பையனும் போனில் பேசிப் பேசி மனசைக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. சம்மதமில்லாத வீட்டில் சாப்பிட மாட்டார்கள், சாப்பிட்டுவிட்டால் முடிந்தது. அந்தச் சாப்பாடு அரண்மனைக் கூரைக்கடியில் நடக்க வேண்டும் என்பது அழகுபாண்டியின் ஆசை.

சீலிங் வேலைக்கு வந்த சவரியப்பன் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது எங்காளுக சவப்பெட்டி மூடிக்குப் பூ வார்க்குற அச்சு. எங்க அப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு."

"உன் அச்சுல போட்டாத்தான் உனக்கு லாபம்னு சொல்லு. இது அரண்மனை ஐட்டம்யா. உனக்கென்ன தெரியும்?"

சவரியப்பனுக்கு என்ன தெரியும், பாவம். முப்பது வருஷமாக இதே வேலையைத்தானே பார்க்கிறார். பிளாஸ்டர் மாவைக் கரைத்து நாற்பது பூ வார்த்து, ஹாலைச் சுற்றி ஒட்டிவிட்டுப் போனார். பெட்டிக்கு நாலு என்று வைத்தாலும் பத்துப் பேரை வழியனுப்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஹாலில் இலை போட்டிருந்தது. பையனின் அம்மா தமிழ்வாணி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீக. ஆஸ்பத்திரில எம்புட்டோ பெட்டி மூடியில இந்தப் பூவப் பாத்திருக்கேன். பிள்ளைய எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இலைய வெளிய வேப்பமரத்தடியில போட்டுருங்க, சந்தோசமாச் சாப்பிடுறோம்."

பத்தடி தூரம்தான் வேப்பமரம். சாம்பார் வாளியோடு நின்ற சுபலட்சுமி, சரியென்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோல அப்பாவைப் பார்த்தாள். அவரும் அதைப் பார்த்தார்.

"இது அரண்மனை டிசைன்ம்மா," என்றார் அழகுபாண்டி. "நர்ஸ் வேலை பாத்தவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

தமிழ்வாணி தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடாமல் எழுந்தார். பையன் தலைகுனிந்தபடி பின்னால் போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சுபலட்சுமி அழவில்லை. ஒரே ஒரு இலையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்தாள். அந்த இலையில் சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, "உக்காருங்கப்பா," என்றாள்.

அழகுபாண்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை.