பாதி அழிந்த சுவர்

பின்னேரம் பிரேதம் எடுத்தபிறகு வீடு கழுவவென்று வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வசீகரன் வாசலுக்கு இறங்க, ரஞ்சனா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து மறித்தாள்.

“தம்பி, சுவரிலை கை வைக்காதேங்கோ.”

“அண்ணி, அண்ணையின்ரை சவப்பெட்டி வரப் போகுது. ஹரோவிலை இருந்தெல்லாம் சனம் வருது. இந்தக் கண்றாவியையோ அவை பாக்கிறது?”

வீட்டு முன்சுவரில் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று யாரோ ஆங்கிலத்தில் சிவப்பாக எழுதியிருந்தார்கள். இது முதல் முறையில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கணவர் குலராஜா விடியுமுன் எழும்பி, காதும் காதும் வைத்தமாதிரித் தேய்த்துவிடுவார். இம்முறை பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். வந்த பொலிஸ் மாரடைப்பென்று எழுதியது. சுவரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. ரஞ்சனா விடாமல் போன் எடுத்து, இன்று பொலிஸிலிருந்து ஒருத்தரை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

“எழுதினவனைப் பிடிச்சாலும் என்ன, சுவரைப் பழுதாக்கினதெண்டு தண்டத்தோடை விட்டிடுவாங்கள். சட்டம் அவ்வளவுதான், அண்ணி.”

“ஓம், அந்தச் சட்டம் காணாது, போதாதுதான். ஆனா காணாதெண்டு எங்களிலை ஆர் போய்ச் சொன்னது? இஞ்சை உங்கடை அண்ணை துடைச்சார். ஜேர்மனியிலை என்ரை அக்காவும் துடைக்கிறா. எல்லாரும் துடைச்சா ஒண்டும் நடக்கேல்லை எண்டுதானே கணக்கு? நடக்காததுக்கு ஆர் சட்டத்தை இறுக்குவினம்?”

வசீகரன் வாளியை வைத்துவிட்டான்.

பொலிஸ்காரி வந்து படமெடுத்தாள். பக்கத்து வீட்டு மொறீன் கறுப்புக் கோட்டோடு கேட்டைத் திறந்து வந்தாள். முந்தியும் இப்படி எழுதியிருந்ததையும் குலராஜா அதைத் தேய்த்ததையும் தான் பார்த்ததாகவும், எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வதாகவும் ஆங்கிலத்தில் சொல்லி, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கொடுத்தாள்.

“இதை இனவெறுப்புக் குற்றமாகப் பதிகிறேன். மரணத்தையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லி மேலே அனுப்புகிறேன்” என்றாள் பொலிஸ்காரி. “இனி நீங்கள் கழுவலாம்.”

அவள் போகவும் பெட்டி வரவும் சரியாக இருந்தது. சனம் சுவரைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றாள் ரஞ்சனா. அவள் குனிந்தது கணவனின் முகத்தைப் பார்க்க மட்டும்தான். அப்போது வாய்விட்டு அழுதாள்.

கிரியை முடிந்து, பெட்டிக்குப் பின்னால் அவளை ஏற்றிய காரும் மெல்லப் புறப்பட்டது. ரஞ்சனா திரும்பிப் பார்த்தாள். மொறீன் கோட்டைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, வாளியில் பிரஷை நனைத்து, குலராஜா விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.