ஓவன் கதவுக்கு எதிரே ஒரு ஸ்டூல்

மூடிய கதவு என்றால் என் கைக்கு ஆகாது. அதுவும் அக்காவின் பேக்கரியில் இருக்கிற ஓவன் கதவு இருக்கிறதே! கண்ணாடி வருஷக்கணக்கான சூட்டில் கறுத்துப்போய், உள்ளே கேக் எழும்புகிறதா, சும்மா படுத்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் எனக்கு உள்ளுக்குள் எறும்பு ஊரும். ஒரே ஒரு தடவை, லேசாக, விரலளவு திறந்து பார்ப்பேன். வெளிக்காற்று உள்ளே போகும். பாதி வெந்த கேக்கின் நடுவயிறு பொத்தென்று அமுங்கிவிடும்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது கடை வேன் ஓட்டுகிற மாமா, எனக்கு வைத்திருக்கும் பெயர் திறப்பு விழா.

"என்ன திறப்பு விழா, இன்னிக்கு ரிப்பன் வெட்டியாச்சா?"

"போங்க மாமா!"

அக்கா கிண்டல் செய்யமாட்டாள். அமுங்கின கேக்கை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை, அவ்வளவுதான். அதற்கு மாமாவே தேவலை.

இப்போது அக்காவுக்கு மாசம் ஏறி, கால் வீங்கி, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். கடைக்கு மேல்தான் வீடு. குழந்தை பிறக்கும்வரை கடையை மூடிவிடலாம் என்றார் மாமா. அத்தனை நாள் மூடினால் வாடிக்கை எல்லாம் வேறு கடைக்குப் போய்விடும். அக்கா ஒண்டியாளாய் நின்று உருவாக்கிய கடை.

"அதான் நான் இருக்கேனே," என்றேன்.

"நீ இருக்கிறதுதான்டி பயமே," என்றாள் அக்கா. அப்புறம் என்ன நினைத்தாளோ, "தீயணைப்பு நிலையத்து ஆர்டரை நீயே போடு. அது ஒழுங்கா வந்தா கடை நடக்கட்டும். அமுங்கிச்சுன்னா ஷட்டரை இறக்கிரலாம்."

நான் சும்மா வாய்ச்சவடால் அடிக்கவில்லை. கொஞ்ச நாளாக நூலக மாடியில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். புத்தர் சொன்னதைப் பேசுவார்கள். ஆனால் சிலை கிடையாது, ஊதுபத்தி கிடையாது, போன ஜென்மம் அடுத்த ஜென்மம் பேச்சே கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன டீ, ஆளுக்கொரு விடாத பழக்கம். அங்கே எனக்குச் சேக்காளி, சிகரெட்டோடு மல்லுக்கட்டும் பஸ் டிரைவர் அண்ணன். என் பிரச்சினையைக் கேட்ட அன்று அவருக்குப் புரையேறிவிட்டது.

"ஓவனைத் தொறக்கிறதா? அதுக்கெல்லாமா இங்க வருவாங்க?"

"நீங்க புகையை உள்ள இழுக்கிறீங்க, நான் சூட்டை வெளிய விடுறேன். அவ்வளவுதாண்ணே வித்தியாசம்."

அங்கே கற்றது சின்ன விஷயம். ஆசை வந்தால் அதோடு சண்டை போடாதே, அது இழுக்கிற பக்கம் ஓடவும் ஓடாதே. 'ஆசை வந்திருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொள். உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார். எதுவும் நிலையாக நிற்பதில்லை, இதுவும் போகும். கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பன்னோடு பிரசங்கத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அக்காவுக்குத் தினமும் ஒப்பித்தேன்.

"மொதல்ல வாயை மூடப் பழகு. கதவை அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

ஆர்டர் நாள் வந்தது. ஓய்வு பெறும் நிலைய அதிகாரிக்கு, தீயணைப்பு வண்டி வடிவத்தில் கேக். வெட்டி வடிவம் எடுக்க வேண்டும், ஆகவே வழக்கமான உயர வட்ட டின் சரிப்படாது. அகலமான தட்டை டிரே. மாவை ஊற்றி, தட்டி, உள்ளே தள்ளி, டைமரைத் திருப்பிவிட்டு, ஓவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை கதவைத் தொடமாட்டேன் என்று மாமாவிடம் சத்தியம் வேறு.

உட்கார்ந்ததுதான் தாமதம், வந்துவிட்டது. தொண்டைக்குக் கீழே ஒரு இறுக்கம். உள்ளங்கையில் வேர்வை. 'சீக்கிரம் பாரு, சீக்கிரம் பாரு' என்று ஒரே விரட்டல். வந்திருக்கு என்றேன். வா, உட்கார். கவனித்துப் பார்த்தால் அது கேக்கைப் பார்க்கிற ஆசையே இல்லை. தெரியாமல் உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை, அதிலிருந்து தப்பிக்கிற அவசரம். இத்தனை நாள் இது எனக்கே தெரியாது! பெருத்தது, முட்டியது, வந்த காரியம் நடக்காத விருந்தாளி போலத் தானே எழுந்து போய்விட்டது.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் வாசனை மாறியது. ஈரமாவு வாசனை போய், வெண்ணெய் வந்து, அதுவும் போய் சர்க்கரை சிவக்கும் வாசனை. டைமரோ சாவகாசமாக டிக் டிக் என்கிறது. என் கை எழுந்தது.

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன். இது பழைய திருட்டுக் கையா, வேறு கையா? திறந்து அமுங்கினாலும் ஷட்டர், திறக்காமல் கருகினாலும் ஷட்டர். இனி கதவைத் தொடவே மாட்டேன் என்று கூட்டத்தில் பீற்றிக்கொண்ட அன்று டிரைவர் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது: "நல்ல பேரு வாங்கணும்கிறதும் ஒரு சிகரெட்டுதான் தங்கச்சி."

உடம்பில் தேடினேன். திறக்கலாமா என்று நினைத்தால் தொண்டை லேசாக இருந்தது, உள்ளங்கை காய்ந்திருந்தது, யாரும் விரட்டவில்லை. சத்தியம் போய்விடுமே என்று நினைத்தபோதுதான் அந்த இறுக்கம் வந்தது. டைமரை உற்றுப் பார்த்தேன். அடக் கடவுளே, உயர வட்டக் கேக்குக்கு வைக்கிற நேரம்! தட்டைக் கேக்குக்கு எதற்கு அவ்வளவு? பழக்கதோஷத்தில் கை தன்பாட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது.

அவசரப்படாமல் திறந்தேன். பொன்னிறம். ஓரம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிவந்திருந்தது. விரலால் அமுக்கினால் மெத்தை மாதிரி எழும்பி வந்தது.

"தொறந்துட்டியா!" வாசலில் மாமா. "மணி அடிச்சுச்சா?"

"இல்ல மாமா."

"அடிப்பாவி! சத்தியம்?"

"துணியை வெச்சு டிரேயைப் பிடிங்க, மேல அக்காகிட்ட போவோம்."

அக்கா கேக்கை அமுக்கினாள், ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா செங்கல்லுதான். டைமரை எதுல வெச்சே?"

"வட்டக் கேக்குக்கு."

"அதானே!" இன்னொரு ஓரத்தைக் கிள்ளினாள். "வாசனை இங்க வரைக்கும் வந்துச்சுடி. எடுடீன்னு கத்த வாய் வரைக்கும் வந்துச்சு."

"பின்ன ஏன் கத்தல?"

"எங்க உக்காந்திருக்குன்னு பாத்தேன்."

நான் வாயைப் பிளந்தேன். "எங்க இருந்துச்சு?"

"தாடையில. கல்லாட்டம்."

"நான் சொன்னதையா செஞ்சே?"

"நாள்பூரா ஓதினா என்ன பண்றது? எந்திரிச்சு ஓடவும் முடியல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்குக் கத்துவதுதான் மூச்சு விடுவது. அந்தக் கேக் கருகினாலும் கருகட்டும் என்று எனக்காக மேலே வாயை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

"ரொம்ப நன்றிக்கா."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். ஓரத்தை வெட்டிட்டு வண்டிக்குச் சக்கரம் வை. நாளைக்கு பன்னுக்கு மாவு நீதான் பிசையணும்."

அப்போது கீழே டைமர் மணி கணகணவென்று அடித்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். "திறப்பு விழா, இப்பத்தான் முகூர்த்தமே வருது!"

மூவரும் சிரித்த சிரிப்பில், "ஐயோ, உள்ள இருக்கிறதும் உதைக்குது," என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் சிவந்த ஓரத்துண்டுகளில் நல்லதாக ஒன்றைத் தாளில் பொதிந்து டிரைவர் அண்ணனுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு, சக்கரம் வெட்டக் கத்தியைத் தேடினேன்.